ரோஸ் சுவரும் பச்சைச் சுவரும்

பாலசமுத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, "சுந்தரி வீடு எது?" என்று கேட்டால், "ரோஸ் செவுருக்காரங்களா, பச்ச செவுருக்காரங்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இத்தனை வாரமாகக் கூடவே வருகிற நமக்கு அந்தக் குழப்பம் இல்லை. சுந்தரி ரோஸ். அவள் ஓரகத்தி ஷோபா பச்சை.

உண்மையில் அது ஒரே வீடு. கூலி வேலை செய்து பிழைத்த மாமனார், ஏரி மண்ணைக் குழைத்துக் குழைத்து வைத்த சுவர். மேலே ஒரே ஓட்டுக் கூரை, அதைத் தாங்க ஒரே முகட்டு மரம். பெரியவன் கோவர்த்தனனுக்கும் சுந்தரிக்கும் கிழக்குப் பாதி, சின்னவன் தணிகாசலத்துக்கும் ஷோபாவுக்கும் மேற்குப் பாதி என்று பாகம் பிரித்தபோது யாரும் குரலை உயர்த்தவில்லை.

சண்டை வந்தது வாஸ்துவால்.

ஆந்திரா முழுக்க வாசல்படியை மாற்றி வைத்துக்கொண்டிருந்த காலம் அது. புத்தூரிலிருந்து வந்த வாஸ்துக்காரர், கதவையும் ஜன்னலையும் கூட்டினால் இரட்டைப்படை வர வேண்டும் என்றார். சுந்தரியின் பாதியில் ஒற்றைப்படை வந்தது. ஒன்றை அடைக்க வேண்டும். எதை அடைப்பது? இரண்டு சமையலறைக்கும் நடுவில் ஒரு ஜன்னல் இருந்தது. அதன் வழியாகத்தான் மோர், தாளித்த குழம்பு, ஊர் வம்பு எல்லாம் போய் வந்துகொண்டிருந்தன. ஷோபா நகரிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் சுந்தரி அந்த ஜன்னலில் செங்கல்லை வைத்து அடைத்துவிட்டாள். திரும்பி வந்த ஷோபா செங்கல்லைப் பார்த்தாள். அன்றோடு நின்ற பேச்சுதான்.

பேச்சு நின்றதே தவிர போட்டி நிற்கவில்லை. ஷோபா மண் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசிப் பச்சை அடித்தாள். அடுத்த வருஷம் குவைத்திலிருந்து மகன் திலீப் அனுப்பிய பணத்தில் சுந்தரி சிமெண்ட் பூசி ரோஸ் அடித்தாள். மழைக்கு முன்னால் சுவருக்கு ஓலைக் கீற்று கட்டும் வழக்கத்தை இரண்டு வீடும் அதோடு விட்டன. சிமெண்ட் சுவருக்குக் கீற்று கட்டினால் ஊர் சிரிக்காதா?

இந்த வெள்ளிக்கிழமை திலீப்புக்குப் பார்த்த பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். திருப்பதியில் நர்ஸ் வேலை பார்க்கும் யமுனாவின் அம்மா வரலட்சுமியும், வரலட்சுமியின் அண்ணனும். பையனைப் போட்டோவில் பார்த்தாயிற்று, பிடித்தும் போயிற்று. இனி வீடு பிடிக்க வேண்டும். கரையான் அரித்த மர ஜன்னலோடு வீட்டைக் காட்டுவதா? முடியவே முடியாது என்று சுந்தரி அலுமினிய ஜன்னலுக்குச் சொல்லிவிட்டதையும், அது வந்து சேராமல் வாரம் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததையும் நாம் பார்த்தோம்.

அது வெள்ளிக்கிழமை காலையில்தான் வந்தது.

"மன்னிச்சுக்கோங்க அம்மா, ரெண்டு நாள் மழ, பெத்த வான. வண்டி ரேணிகுண்டா தாண்டல" என்றபடி பவன்குமார் இறங்கினான். திருப்பதியில் அலுமினியக் கடை வைத்திருப்பவன். தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பான், நடுவில் சிரிப்பான்.

"மதியானம் அவங்க வராங்கப்பா. அதுக்குள்ள முடியுமா?"

"முன்பக்கம் ஒண்ணே ஒண்ணுதான? ஒரு மணி நேரம், ஒக கண்ட்டம்மா. பழசப் பிடுங்கணும், புதுச நிறுத்தணும், அவ்ளோதான், அந்தே."

சுந்தரிக்கு உயிர் வந்தது. ஜன்னல் வேலைக்கு இடம் வேண்டுமென்று முன்னறையில் இருந்த பீரோ, கட்டில், நெல் டிரம் எல்லாவற்றையும் பின்பக்கம் தள்ளச் சொன்னாள். கோவர்த்தனன் அவற்றைப் பின்கதவை மறித்து அடுக்கினார்.

"ஏய், பின்னாடி போவ வழியே இல்லாம பூட்ச்சே" என்றார்.

"விருந்தாளிங்க பின்னாடி வழியாவா வரப் போறாங்க? போங்க, அந்தப் பையனுக்கு ஒத்தாச பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, சுந்தரி கேசரி கிளறச் சமையலறைக்குள் போனாள்.

நெய் உருகி, முந்திரி சிவந்து, ரவை வாசம் வந்துகொண்டிருந்தது. முன்பக்கம் கடப்பாரை இடிக்கும் சத்தம். 'திலீப் கல்யாணம்' என்று நினைத்தாலே அவளுக்குக் கண்ணில் நீர் துளிர்த்தது. இந்த வீட்டில் எத்தனை கஞ்சி, எத்தனை பட்டினி. இன்று இந்த வீட்டைத் திருப்பதிக்காரர்கள் வந்து பார்க்கப் போகிறார்கள்.

மரச்சட்டம் 'கர்ர்ர்' என்று வெளியே வந்தது. அதை அடுத்து வந்தது வேறு சத்தம். ஈர மண் பொத்தென்று விழுந்தது. கூரையில் ஓடுகள் சரசரவென்று சரிந்தன.

"அம்மா! பயட்டிக்கி ராவொத்து! வெளிய வராதீங்க!" என்று பவன்குமார் அலறினான்.

சுந்தரி எட்டிப் பார்த்தாள். ஜன்னல் இருந்த இடத்தில் கோணலாக ஒரு ஓட்டை. அதன் மேல் முனையிலிருந்து ஒரு விரிசல் கூரை வரை ஓடியிருந்தது. முன்சுவர் முழுதும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதோடு வாசக்கால் முறுக்கிக்கொண்டு கதவு இறுகிவிட்டது.

பவன்குமார் வேலை பார்த்ததெல்லாம் செங்கல் கட்டடம். அங்கே ஜன்னலுக்கு மேல் கான்கிரீட் பட்டி இருக்கும், சட்டத்தைப் பிடுங்கினாலும் மேல்சுவர் நிற்கும். இங்கே பட்டி எது? அந்தக் கரையான் அரித்த மரச்சட்டம்தான் இத்தனை காலமும் மேலே இருந்த சுவரைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டார்கள். ரோஸ் பூச்சுக்குப் பின்னால் இருந்த மண்ணோ ரெண்டு நாள் மழையில் களியாகக் கிடந்தது.

கோவர்த்தனன் வெளியே நின்று இரண்டு உள்ளங்கையாலும் சுவரைத் தாங்கினார். பவன்குமார் முதுகைக் கொடுத்தான். சுவரை மனுஷன் தாங்க முடியுமா? ஆனால் கையை எடுக்க இரண்டு பேருக்கும் பயம்.

முன்கதவு போயிற்று. பின்கதவை பீரோவும் கட்டிலும் நெல் டிரம்மும் மறித்துக்கொண்டு நின்றன. சுந்தரி பீரோவைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. தலைக்கு மேல் முகட்டு மரம் முனகியது.

"தணிகா...!"

கோவர்த்தனனின் குரல் அது. ஐந்து வருஷமாகத் தம்பியின் பேரை வாய்விட்டுச் சொல்லாத மனுஷர்.

தணிகாசலம் வீட்டில்தான் இருந்தான். சென்ட்ரிங் வேலை செய்பவன், மழைக்கு வேலை இல்லை. கான்கிரீட் போடும்போது தளத்தைத் தாங்க வைக்கும் இரும்பு முட்டும் சவுக்குக் கழியும் பலகையும் அவன் வாசலில் குவிந்து கிடந்தன. கூப்பிட்ட குரல் அடங்குவதற்குள் தோளில் முட்டோடு வந்து நின்றான்.

"கைய எடுக்காத அண்ணா! தம்பி, நீ அந்தப் பலகைய மேல வெச்சுப் புடி! அண்ணி எங்க?"

"உள்ள கீறாடா. கதவு தெறக்கல."

தணிகாசலம் பலகையை விரிசல் மேல் அழுத்தி, கீழே முட்டு வைத்து, முட்டின் திருகாணியை முறுக்கினான். சுவர் ஒரு தடவை முனகி நின்றது. "இது தாங்கும். ஆனா கதவ இடிச்சா மொத்தமும் வந்துரும். அண்ணி, நடுக்கூடத்துல நிக்காதீங்க!"

நிற்க வேறு இடம் எது? சமையலறை மூலையில் கையில் கரண்டியோடு சுந்தரி நின்றாள். அப்போது சுவருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"அக்கா! அடுப்பாண்ட வாங்க!"

ஷோபாவின் குரல்தான் அது.

"ஜன்னலுக்கு முன்னாடி நிக்காதீங்க. கல்லு உள்ள விழும்."

எந்த ஜன்னல் என்று சுந்தரி கேட்கவில்லை. கேசரிச் சட்டியை மூடிவிட்டு ஒதுங்கினாள். அந்தப் பக்கமிருந்து கடப்பாரை இறங்கியது. ஒரு குத்து, ரெண்டு குத்து. சுந்தரி அவசரத்தில் மண் வைத்து அடுக்கியதுதானே, செங்கல் ஒன்றொன்றாகக் கழன்று அடுப்பு மேடையில் விழுந்தது. தூசிக்கு நடுவில் ஷோபாவின் கை நீண்டது. வளையலில் மண் அப்பியிருந்தது.

"புடிங்கக்கா. கால மேடையில வையுங்க. வாங்க வாங்க!"

"கேசரி..." என்றாள் சுந்தரி. பதற்றத்தில் வாயில் வந்தது அதுதான்.

"ஐயோ, கேசரி எங்கயும் போவாது. நீங்க வாங்க!"

இடுப்பு வரை வந்து சுந்தரி மாட்டிக்கொண்டாள். புதுமருமகளாக இருந்த காலத்து இடுப்பா இது? ஷோபா அவளைக் கட்டிப்பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். இரண்டு பேரும் ஷோபாவின் சமையலறைத் தரையில் போய் விழுந்தார்கள்.

விழுந்த இடத்திலேயே சுந்தரி ஓரகத்தியின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நன்றி என்பதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. "நான் அடச்சதுடி அது. நான்தானே அடச்சேன்" என்று அதையே சொன்னாள்.

"தெரியுமே" என்றாள் ஷோபா. "சரி, எழுந்திருங்க. சம்மந்தி வர நேரமாச்சு."

வெளியே முட்டு மேல் முட்டாக நின்றது. பக்கத்து வீட்டு ஆட்கள் கீற்றும் தார்ப்பாயும் கொண்டு வந்தார்கள். பவன்குமார் மண்ணில் குளித்தவன் போல நின்று, "அண்ணா, நா தப்பு. நாதே" என்று கோவர்த்தனன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உன் தப்பு இன்னாப்பா கீது? நீ முதுகக் குடுக்கலேன்னா என் பொண்டாட்டி ஏது?" என்றார் கோவர்த்தனன்.

தணிகாசலம் ரோஸ் பூச்சில் ஒரு துண்டைப் பெயர்த்தான். பின்னால் மண் சொதசொதவென்று இருந்தது. "சிமெண்டு போட்டா மண்ணு மூச்சு விடாது. உள்ள போன தண்ணி உள்ளயே தங்கிப் பூட்ச்சு" என்றவன், மெதுவாகத் தன் பச்சைச் சுவரைத் தட்டிப் பார்த்தான். அதுவும் அதே சொத்தைச் சத்தம் கொடுத்தது.

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை.

"ரெண்டையும் உரிச்சுர்லாம் அண்ணா. மழ முடியற வரைக்கும் கீத்து கட்டுவோம். காஞ்சப்புறம் செங்கல் வெச்சு, மேல பட்டி போட்டு, அப்பறமா உன் அலுமினிய ஜன்னல நிறுத்திக்க. சுண்ணாம்பு பூசினா போதும்."

"இன்னா கலரு?"

"மொதல்ல செவுரு நிக்கட்டும்."

உள்ளே ஷோபா தன்னுடைய பச்சைப் பட்டுப் புடவையை எடுத்து சுந்தரியிடம் நீட்டினாள். கட்டிக்கொள்ள வேறு வழியில்லை. சுந்தரியின் புடவை எல்லாம் அந்த பீரோவுக்குள்தான்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அவங்கள இங்கயே உக்கார வெப்போம். இதுதான் உங்க பாதி, சாஞ்சது எங்க பாதின்னு சொல்லிக்கலாம். கூரை ஒண்ணு, யாருக்குத் தெரியப் போவுது?"

கொசுவம் வைத்துக்கொண்டிருந்த சுந்தரியின் கை நின்றது. ஊரெல்லாம் கேலி பேசும் ஒரு காரியத்தை, தன் வீட்டின் மேல் போட்டுக்கொள்கிறேன் என்கிறாள் இவள். என் பிள்ளைக்காக.

வாசலில் கார் வந்து நின்றது.

வரலட்சுமி திருப்பதி ரயிலடிப் பக்கம் டிபன் கடை நடத்துபவள். வாட்டசாட்டமான உருவம், எதையும் விடாத கண். அவள் அண்ணன் எதற்கும் தலையாட்டுகிற மனுஷர். ஷோபாவின் கூடத்தில் உட்கார வைத்தார்கள். தார்ப்பாயையும் இரும்பு முட்டுகளையும் பார்த்துவிட்டுத்தான் வரலட்சுமி உள்ளே வந்தாள்.

"கேசரி கொண்டாரேன்" என்று ஷோபா எழுந்தாள்.

"நானும் வரேன். கூடத்துல உக்காந்துக்கினு வீடு பாத்தா ஏமி தெலுஸ்துந்தி, இன்னா தெரியும்? சமையக்கட்டப் பாத்தாத்தான் எனக்கு ஒரு வீடு புரியும்" என்று வரலட்சுமியும் எழுந்துவிட்டாள்.

அங்கே தணிகாசலம், பக்கத்து வீட்டு ஆட்களோடு சேர்ந்து சாமானைத் தள்ளிப் பின்கதவு வழியாக நுழைந்து, அந்தப் பக்கத்துச் சமையலறையில் கேசரி சட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தான். ஓட்டையின் வழியாக இந்தப் பக்கம் நீட்டினான். ஷோபா வாங்கினாள். பழைய பழக்கம், கையைப் பார்க்காமலேயே வாங்கினாள்.

வரலட்சுமி அந்த ஓட்டையையே பார்த்தாள். உடைந்த செங்கல், சிந்திக் கிடந்த மண், இன்னும் அடங்காத தூசி.

"எங்க தரகர் ஒரு சேதி சொன்னாரு" என்றாள். "பையன் தங்கம், ஆனா வீட்டுல ஓரகத்திங்க ரெண்டு பேருக்கும் ஆகாது, நடுஜன்னலயே அடச்சு வெச்சுக்கினு கீறாங்கன்னு. எனக்கு ஓடு, செவுரு எல்லாம் கவல இல்ல. என் பொண்ணு வாழப் போற எடத்துல பேசறதுக்கு ஆள் கீதான்னு பாக்கத்தான் வந்தேன். இது எப்ப தொறந்தது?"

ஷோபா சட்டென்று சொன்னாள். "இது எப்பவும் இப்படித்தாங்க. காத்துக்காவ..."

"இல்ல" என்றாள் சுந்தரி.

பிள்ளையின் கல்யாணம் இந்த ஒரு பேச்சில் போய்விடலாம். ஆனால் இந்தப் பட்டுப்புடவை கூட ஷோபாவுடையதாக இருக்கும்போது, பொய்யையும் அவள் தலையிலேயே கட்டுவதா?

"இன்னிக்குக் காலையில தொறந்ததுங்க. அதுவரைக்கும் அடச்சுத்தான் இருந்துச்சு. அடச்சவ நான். வெளிய முட்டு குடுத்து வெச்சிருக்கறதும் எங்க பாதிதான். உங்களுக்குப் பகட்டு காட்டணும்னு பழைய ஜன்னலப் புடுங்கி செவுத்தச் சாச்சுக்கினேன். நான் உள்ள மாட்டிக்கினேன். இவ கடப்பாரைய எடுத்துத் தொறந்து என்ன வெளிய இழுத்தா. இவங்க வீடும் இல்லேன்னா இன்னிக்கு உங்கள உக்கார வெக்க எடமில்ல. அவ்ளோதான் எங்க கத."

அந்தப் பக்க ஓட்டையில் தணிகாசலத்தின் முகம் அப்படியே நின்றது.

வரலட்சுமி கேசரியை ஒரு விரலால் எடுத்து வாயில் போட்டாள். "கொஞ்சம் அடி புடிச்சிருக்கு" என்றாள்.

"பாதியில விட்டுட்டு வந்துட்டேங்க."

"கண்டிப்பா விட்டுட்டுத்தான் வரணும். கேசரிக்காவ யாராச்சும் உயிர விடுவாங்களா?" அவள் அந்த ஓட்டையின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி முன்செவுத்தக் கட்டிருங்கம்மா. இத மட்டும் அடைக்காதீங்க. எந்த வாஸ்துக்காரன் சொன்னாலும் சரி."

அவள் அண்ணன் கூடத்திலிருந்தே தலையாட்டினார்.

எண்ணிக்கை மறுபடியும் ஒற்றைப்படைக்குப் போய்விட்டது என்று ஷோபா சுந்தரியின் காதில் கிசுகிசுத்தாள். கோவர்த்தனனுக்குக் கேட்டுவிட்டது. "நம்ம ரெண்டு பாதியும் சேத்து எண்ணிப் பாரு" என்றார் அவர்.

சுந்தரிக்கு எண்ண வேண்டும் என்று தோன்றவில்லை. விழாமல் நின்ற சுவருக்கும், தாங்கிய கைகளுக்கும், மாமனார் குழைத்த மண்ணுக்கும், அத்தனைக்கும் சேர்த்து மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டாள்.

காரை அனுப்ப எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். காபி டம்ளர்களை எடுக்க சுந்தரி மட்டும் கூடத்தில் நின்றாள். அப்போது ஷோபா வீட்டுப் போன் அடித்தது.

"அக்கா, எடுங்க!" என்று வாசலிலிருந்து ஷோபா யோசிக்காமல் கத்தினாள். உடனே எதையோ நினைத்துக்கொண்டவள் போல, "இருங்க, இருங்க, நான் வரேன்!" என்று ஓடி வந்தாள்.

அதற்குள் சுந்தரி எடுத்துவிட்டாள்.

"சின்னம்மா, நான்தான். அவங்க வந்துட்டுப் போயிட்டாங்களா? அம்மாகிட்ட அந்த விஷயத்தச் சொல்லிட்டீங்களா?"

திலீப்.

வெள்ளிக்கிழமை தோறும் கிருஷ்ணப்பாவின் எஸ்.டி.டி. பூத்தில் காத்துக்கிடந்து அவள் கேட்கிற அதே குரல். இந்த வீட்டு நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும்? எத்தனை நாளாகத் தெரியும்?

ஷோபா நிலைப்படியில் நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. காலையில் கடப்பாரை பிடித்த கையின் வளையலில் இன்னும் மண் ஒட்டியிருந்தது.

நேற்றாக இருந்தால் சுந்தரி ரிசீவரைத் தூக்கி எறிந்திருப்பாள். இன்று கோபம் வரவில்லை. நான் அடைத்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைக்கு ஒருத்தி இருந்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது. நாற்காலியில் ஒதுங்கி இடம்விட்டு, ஷோபாவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ரிசீவரை இருவர் காதுக்கும் நடுவில் வைத்தாள்.

"உன் சின்னம்மா என் பக்கத்துலதான் கீறாப்பா" என்றாள். "நான் அம்மா பேசறேன். இன்னா விஷயம், சொல்லு."

திலீப் சொன்னதை அடுத்த வாரம் கேட்போம்.